பகல் ஒரு மணிக்குச் செத்துப்போகும் போன்

அத்தியாயம் 6

"இந்த போன் தினமும் பகல் ஒரு மணிக்குச் செத்துப்போகுது சார். கொல்றது யாருன்னு எனக்குத் தெரியணும்."

வந்தவர் உட்காருவதற்கு முன்பே பேச ஆரம்பித்தார். உட்கார்ந்த பிறகும் நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு சீப்பை எடுத்து, அது இல்லையென்று திரும்ப வைத்து, இன்னொரு பையிலிருந்து ஒரு ஆண்ட்ராய்டு போனை எடுத்து எங்கள் மேஜைமேல் வைத்தார். இரண்டு தெரு தள்ளி சலூன் வைத்திருப்பவர். கடைக்கு நடுவே பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் ஆண்களுக்கு இவர், அந்தப் பக்கம் பெண்களுக்கு இவர் மனைவி. போன் மனைவியுடையது.

"போன் ரிப்பேர் கடை கீழேயே இருக்கு," என்றேன். "இங்கே நாங்க மனுஷங்களை மட்டும்தான் ரிப்பேர் பண்றோம்."

பாஸ் என்னை முறைத்தார். பாஸ் இந்த ஏஜென்சியின் ஒரே துப்பறிவாளர். நான் அவருடைய ஒரே அசிஸ்டென்ட். எப்போதும் அவர் பின்னாலேயே போகிறேன் என்று எனக்கு 'வால்' என்று பேர் வைத்திருக்கிறார். எனக்கு முன்னால் இருந்தவனுக்கு அவர் வைத்த பேர் 'மூளை'. அவன் பெரிய ஏஜென்சிக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. அந்தப் பேரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"ரிப்பேர் கடைக்குப் போகாமலா வந்திருப்பேன்?" என்றார் சலூன்காரர். "வெளிச்சத்தைக் குறைச்சாச்சு. லொகேஷனை அணைச்சாச்சு. பின்னால ஓடற ஆப் எல்லாத்தையும் மூடியாச்சு. அப்டேட் போட்டாச்சு. கடைசியில பேட்டரியையே புதுசா மாத்தியாச்சு. அப்பவும் காலையில எட்டு மணிக்கு நூறு இருந்தா, பகல் ஒரு மணிக்கு கறுப்புத் திரை. ரிப்பேர்காரர் என்ன சொன்னார் தெரியுமா? 'போன்ல ஒரு குறையும் இல்லீங்க, யாரோ மணிக்கணக்கா பேசறாங்க'ன்னார். சிரிச்சுக்கிட்டே சொன்னார் சார். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால முழுங்க முடியல."

"உங்க மனைவி பேசி நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பார்த்திருந்தா இங்கே ஏன் வரப்போறேன்? என்கிட்ட நாலு நிமிஷம் பேச மாட்டா. கேட்டா, 'நீங்களே பேசிக்கிட்டிருக்கீங்க, நான் எந்த இடைவெளியில பேசறது'ம்பா. நான் அப்படி ஒண்ணும் அதிகமா பேசறவன் இல்ல சார். தொழிலுக்கு வேண்டிய அளவு. ஒரு தடவை ஒருத்தர் நாற்காலியிலேயே தூங்கிட்டார், பாதி மீசைதான் எடுத்திருந்தேன், அப்போ பார்த்து கரண்ட் போயிடுச்சு..."

"மீசைக் கதை அப்புறம்," என்றார் பாஸ். "சந்தேகம் யார் மேல?"

சலூன்காரரின் முகம் சுருங்கியது. அதுவரை பேச்சு மட்டும்தான் தெரிந்தது. இப்போதுதான் கீழே இருந்த ஆள் தெரிந்தார். நாலைந்து நாளாகத் தூங்காத கண்கள்.

"எங்க கடைக்கு எதிர்ல ஜிம் இருக்கு. அங்கே ட்ரெயினர் ஒருத்தன். புஜம் ஒவ்வொண்ணும் இவ்வளவு. ஒருநாள் விட்டு ஒருநாள் தாடி திருத்த வர்றான். தாடின்னா ஒருநாள்லயா வளருது? கண்ணாடியில அவளைப் பார்த்து 'வணக்கம் அக்கா'ங்கறான். அக்காவாம்!" அவர் குரல் இறங்கியது. "அதனால ஒரு மாசமா அவன் தாடியை இடது பக்கம் ஒரு நூல் கம்மியாத்தான் வெட்டறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவருக்கு வரவில்லை. பொறாமையில் ஒரு மனிதன் தன் தொழிலையே கோணலாகச் செய்கிறான் என்றால் அது சிரிக்கிற விஷயமில்லை என்று எனக்கே தோன்றியது.

"போனோட லாக்?" என்றார் பாஸ்.

"பேட்டரி பார்க்கணும்னு கேட்டேன். உடனே தூக்கிக் கொடுத்தா. லாக் என்ன தெரியுமா? என் பிறந்தநாள். முகத்துல ஒரு பயம் இல்ல, ஒரு பதற்றம் இல்ல. அவ்வளவு தைரியமா கொடுக்கறாள்னா எல்லாத்தையும் அழிச்சுட்டாள்னுதானே அர்த்தம்?"

"கொடுக்கலைன்னா?" என்று கேட்டேன்.

"கொடுக்கலைன்னா மறைக்கறாள்னு அர்த்தம்."

இவரிடம் ஜெயிக்கவே முடியாது என்று புரிந்தது. போனைத் திறந்து பேட்டரிக் கணக்கைப் பார்த்தேன். எந்த ஆப் எவ்வளவு சாப்பிட்டது என்று போன் ஒளிக்காமல் சொல்லும். அன்று செவ்வாய், அவர்கள் கடைக்கு வார விடுமுறை. அதனால் முந்தின நாள் கணக்கை எடுத்தேன்.

"திரைக்குச் செலவு மூணு சதவீதம். இன்டர்நெட் வழியா பேசற ஆப்புக்கு எண்பத்து நாலு. ஓடினது நாலு மணி நேரம் ஐம்பது நிமிஷம். அவ்வளவு நேரமும் திரை அணைஞ்சே இருந்திருக்கு. சிக்னல் வேற ரொம்ப மோசம்."

"கடை தரைக்குக் கீழே இருக்கும்மா. ஒரு கோடுதான் வரும்."

"ஒரு கோட்டைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டே அஞ்சு மணி நேரம் பேச்சு. புது பேட்டரியும் தாங்காது." அந்த ஆப்பின் அழைப்புப் பட்டியலைத் திறந்தேன். துடைத்து வைத்த தட்டு மாதிரி காலியாக இருந்தது. "கால் லிஸ்ட்டை அழிச்சிருக்காங்க."

சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

பாஸ் மேஜையிலிருந்து ஒரு பல்குச்சியை எடுத்தார். போனின் அடியில், மைக் இருக்கும் சின்னத் துளையில் விட்டு மெதுவாகச் சுரண்டி, வெள்ளைக் காகிதத்தில் தட்டினார். கொஞ்சம் பவுடர். அதோடு நாலைந்து மயிரிழைகள், ஒவ்வொன்றும் அரிசி அளவு நீளம்கூட இல்லை.

"பெண்கள் முடி இவ்வளவு குட்டையா விழாது," என்றார்.

"ஆம்பளை முடி!" சலூன்காரர் எழுந்தே விட்டார். "பார்த்தீங்களா சார்? என் பொண்டாட்டி போன்ல ஆம்பளை முடி!"

"ஒரு நாளைக்கு எத்தனை ஆம்பளைங்களுக்கு முடி வெட்டறீங்க?" என்றேன்.

"இருபது, இருபத்தஞ்சு."

"அப்போ இருபத்தஞ்சு பேரையும் சந்தேகப்படலாம். உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்: "சார், நாளைக்கு சாயந்தரம் அவ அண்ணன் வர்றார். கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது. அதுக்குள்ள நீங்க ஆளைக் கண்டுபிடிச்சாலும் சரி, பிடிக்காட்டியும் சரி, நான் முடிவு பண்ணிட்டேன். நான் ஒண்ணு சொன்னா சொன்னதுதான். பெத்த அம்மாகிட்டயே மூணு வருஷமா பேசாதவன் நான்."

"அது என்ன கதை?" என்றார் பாஸ். மீசைக் கதையை நிறுத்தியவர் இதை நிறுத்தவில்லை.

"ரெண்டு பிள்ளைங்க நாங்க. மூணு மாசம் என் வீடு, மூணு மாசம் தம்பி வீடுன்னு பேச்சு. என் வீட்டுல எட்டே நாள் இருந்தாங்க. ஒன்பதாம் நாள் 'நான் சின்னவன் வீட்டுலயே இருந்துக்கறேன்'னு பெட்டியைக் கட்டிட்டாங்க. சின்ன வயசுலேர்ந்தே அவங்களுக்கு அவன்தான் உசத்தி. 'சரி, இனிமே என் குரலே உங்க காதுல விழாது'ன்னு சொன்னேன். அன்னியோட முடிஞ்சது." மூக்கை உறிஞ்சினார். "எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான். இவளும் வேற யாருக்கோன்னா..."

வாக்கியத்தை முடிக்காமல் ஒரு நோட்டை நீட்டினார். கடையில் அப்பாயின்ட்மென்ட் எழுதுகிற நோட்டு. கடைசிப் பக்கங்களில் இரண்டு மாதமாக அவர் எழுதிய பேட்டரி டைரி. தேதி, காலையில் எத்தனை சதவீதம், எத்தனை மணிக்கு அணைந்தது, அன்று யார் யார் வந்தார்கள், எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து எழுதியது. ஜிம் ட்ரெயினர் வந்த நாட்களுக்கு மட்டும் சிவப்பு மை.

பாஸ் பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். திரும்பிப் போய் இன்னொரு பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் தன் தலைமுடியைக் கோதிக்கொண்டார். ஆறு மாதமாகக் கத்தரி படாத, வாரினால் பந்தாக எழுந்து நிற்கிற முடி. அந்த அடர்த்தியைப் பார்த்தாலே எனக்குப் பொறாமையாக இருக்கும்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு முடி வெட்டிக்க வர்றேன்," என்றார். "வால் அந்தப் பக்கம் உங்க மனைவிகிட்ட புருவம் திருத்திக்கும். நாங்க யாருன்னு அவங்களுக்குத் தெரிய வேணாம். போனை இப்பவே கொண்டுபோய் திருப்பிக் கொடுத்துடுங்க. ஒரே ஒரு நிபந்தனை. நான் நாற்காலியில உட்கார்ந்த நிமிஷத்துலேர்ந்து நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"பேசாம முடி வெட்டறதா?" சலூன்காரர் நிஜமாகவே பயந்துவிட்டார். "கத்தரி எப்படி சார் ஓடும்?"

அவர் போன பிறகு நான் என் கண்டுபிடிப்பை எடுத்து வைத்தேன். "பாஸ், எனக்குப் புரிஞ்சுபோச்சு. பக்கத்துத் தெரு சலூன்காரன் வேலை. இவர் கடையில நடக்கற பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்டு வாடிக்கையாளர்களை இழுக்கறான்."

"மூளை இருந்தா முதல்ல நோட்டைப் படிச்சிருப்பான்."

சுருக்கென்றது. நோட்டைப் பிடுங்கிக்கொண்டேன். பாஸ் காட்டிய பக்கத்தைப் படித்தேன்.

"'பன்னிரண்டாம் தேதி. புதுக் கண்ணாடி வாங்க நான் வெளியே போனேன். நாள் பூரா கடையில் அவள் மட்டும். ராத்திரி எழுபத்தொன்பது சதவீதம்.' அட!"

"என்ன அட?"

"புருஷன் நாள் பூரா கடையில இல்ல. கள்ளத்தனமா பேசறதா இருந்தா அன்னிக்குத்தானே ஆசை தீரப் பேசியிருக்கணும்? அன்னிக்குன்னு பார்த்து போன் ஜம்முனு உயிரோட இருந்திருக்கு. அதாவது... இவர் கடையில இருந்தாத்தான் அவங்க பேசறாங்க."

"எந்தப் பொண்டாட்டியாவது புருஷன் பக்கத்துல இருக்கறப்போ மட்டும் காதலன்கிட்ட பேசுவாளா?"

"மாட்டா."

"அடுத்ததைப் படி."

"'இருபதாம் தேதி. கடைவாய்ப் பல் பிடுங்கினேன். வாய் நிறையப் பஞ்சு. இருந்தும் கடைக்குப் போனேன். எல்லாம் சைகைதான். ட்ரெயினர் வந்தான். ராத்திரி எண்பத்தொன்று சதவீதம்.' இதுல என்ன பாஸ்? இவர் கடையிலதானே இருந்திருக்கார்? அப்போ நான் இப்போ சொன்னது தப்பா?"

பாஸ் பல்குச்சியைக் குப்பைத் தொட்டியில் போட்டார். "அதை நாளைக்கு நாற்காலியில உட்கார்ந்து சொல்றேன்."

எனக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. மூளைக்கு மட்டும் அன்றே சொல்லியிருப்பார்.

*

சலூனுக்குள் நான்கு படி கீழே இறங்க வேண்டும். பாஸ் ஆண்கள் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தார், நான் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன்.

சலூன்காரரின் மனைவிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அளவாகப் பேசுகிறவர். மணிக்கட்டு வரை தலைச்சாயம். அப்போதுதான் ஒரு டீச்சருக்குச் சாயம் பூசி, உலர விட்டு உட்கார வைத்திருந்தார். கையுறையைக் கழற்றி, கையை இரண்டு தடவை கழுவி, என் முகத்தை நிமிர்த்தினார்.

"முதல் தடவையா?"

"ஆமாக்கா. வலிக்குமா?"

"பேசிக்கிட்டே இருந்தா வலி தெரியாது. எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்வார்," என்றார். சொல்லும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு. வேறு ஒருவனுக்கு மனசைக் கொடுத்துவிட்ட பெண்ணின் சிரிப்பாக எனக்கு அது தெரியவில்லை. என்னைப் பற்றி யாராவது அப்படிச் சிரிப்பார்களா என்று யோசித்து, பொறாமைப்பட்டு, வேலையைக் கவனித்தேன்.

அவர் பையில், மேஜையில், இடுப்பில், எங்கேயும் போன் இல்லை. இரண்டு பிளக் பாயின்ட். ஒன்றில் தலை உலர்த்துகிற மெஷின், இன்னொன்றில் தண்ணீர் சூடாக்குகிற கெண்டி. சுவரில் வரிசையாக மூன்று ஆணிகள், மூன்றும் காலி.

"அக்கா, என் பையை மாட்டலாமா?"

"தாராளமா."

"உங்க பை?"

"அது... அந்தப் பக்கம் மாட்டியிருக்கேன்."

மூக்கு வேர்த்தது. தன் பக்கம் மூன்று ஆணி காலியாக இருக்கும்போது, எந்தப் பெண் தன் பையைக் கொண்டுபோய் ஆண்கள் பக்கம் மாட்டுவாள்? தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். சலூன்காரரின் கண்ணாடிக்குப் பக்கத்தில், அவர் தோளுக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு துணிப்பை தொங்கியது. அதன் வெளிப்பக்கத்துச் சின்னப் பாக்கெட்டில் போனின் அடிப்பாகம் மட்டும் எட்டிப் பார்த்தது. மைக் இருக்கிற பக்கம். வெட்டுகிற முடியும் தட்டுகிற பவுடரும் அதன்மேல்தான் விழும். மனைவியின் பையை ஒருநாளும் தொடாத கணவர். தொடாததாலேயே கோட்டை விட்ட கணவர்.

கண்ணாடிக்குக் கீழே ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் ட்ரிம்மர். 'இதைக் கழற்றாதீர்கள்' என்று கையால் எழுதி ஒட்டியிருந்தது.

"குளிருது, ஃபேனை அணைச்சுடுங்க," என்று பாஸ் சொல்வது கேட்டது.

ஃபேன் நின்றது. அதற்குப் பிறகு கத்தரிச் சத்தம் மட்டும்.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். சலூன்காரர் கழுத்து நரம்பு புடைக்க, உதட்டைக் கடித்துக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தார். பேசாமல் இருப்பது அவருக்கு எடை தூக்குவது மாதிரி இருந்தது. வாசலில் காத்திருந்தவர் "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்றாவது நிமிஷத்தில் அக்காவின் கை என் புருவத்தில் நின்றது.

"என்ன, இவர் சத்தத்தையே காணோம்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சாதாரணக் கவலை இல்லை அது. ஏதோ கைமீறிப் போகிற பதற்றம். "ஒரு நிமிஷம் இரும்மா" என்று எழுந்தார்.

அவர் தடுப்பைத் தாண்டுவதற்குள் அது நடந்தது.

பை பேசியது.

"பெரியவனே..." மெல்லிய குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. "ஏன்டா பேசவே மாட்டேங்கறே? பல்லு மறுபடியும் வலிக்குதா?"

சலூன்காரரின் கையிலிருந்து கத்தரி பாஸ் மடியில் விழுந்தது. பாஸ் அசையவில்லை. அவருடைய வலது பக்கம் ஒட்ட வெட்டியாகியிருந்தது. இடது பக்கம் அப்படியே காடு. நான் ஒற்றைப் புருவத்தோடு தடுப்பருகே ஓடிவந்து நின்றேன்.

"யாரு அது?" என்றார் சலூன்காரர். யாரென்று அவருக்குத் தெரியும். உலகத்தில் அவரைப் பெரியவனே என்று கூப்பிட ஒரே ஒரு ஆள்தான்.

"நாள் பூரா நீங்க கடையில இல்லாதப்போ இந்த போன் செலவாகல," என்றார் பாஸ், வெள்ளைத் துணிக்குள் கழுத்து மட்டும் தெரிய. "நீங்க கடையிலேயே இருந்தும், வாய்ல பஞ்சோட இருந்த அன்னிக்கும் செலவாகல. நீங்க இருக்கறது முக்கியமில்ல சார். நீங்க பேசறதுதான் முக்கியம். உங்க மனைவி யாரோடயும் பேசல. தினமும் அஞ்சு மணி நேரம் பேசினது நீங்கதான்."

அக்கா சுவரோடு ஒட்டி நின்றார். அழவில்லை. இனி மறைக்க எதுவும் இல்லை என்கிற மாதிரி நேராகப் பார்த்துச் சொன்னார்.

"நாலு மாசம் முன்னாடி அத்தை எனக்கு போன் பண்ணாங்க. உங்களைக் கொடுன்னு கேக்கல. 'அவன் கடையில இப்பவும் அப்படித்தான் பேசிக்கிட்டே இருக்கானா'ன்னு மட்டும் கேட்டாங்க. நீங்க அப்போ யார்கிட்டயோ சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தீங்க. போனை இந்தப் பக்கம் நீட்டினேன். அவ்வளவுதான். மறுநாள் அவங்களா கேக்கல. நானா போனைப் பையில வெச்சு இங்கே மாட்டிட்டேன். வாயைத் திறக்க மாட்டேன்னு எனக்கு சத்தியம் பண்ணிக் கொடுத்தாங்க. லிஸ்ட்டை அழிச்சதும் நான்தான். உங்களுக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவீங்க."

சலூன்காரர் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது பழைய எரிச்சல்தான். முப்பது வருஷத்து எரிச்சல்.

"ஏன், அங்கே சின்னவன் இருக்கானே," என்றார் பையிடம். "அவன் பேசறது பத்தலையா?"

மூன்று வருஷத்தில் அம்மாவிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. பேசிவிட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"அவன் எங்கடா பேசறான்?" என்றது பை. "காலையில எட்டு மணிக்கு எல்லாரும் வேலைக்குக் கிளம்பிடறாங்க. நானும் சுவரும்தான். சாயந்தரம் வந்தா 'சாப்டியா'ம்பான், அதோட சரி. நீதான்டா என்கூட இருக்கே, ஒரு மணி வரைக்கும்."

"அப்போ ஏன் எட்டே நாள்ல போனீங்க?"

அக்காதான் சொன்னார். "நம்ம வீடு மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. அத்தைக்கு முட்டி மடங்கல. சொன்னா நீங்க வீட்டையே மாத்தறேன்னு நிப்பீங்க, கடைக்குப் பக்கத்துல இருக்கற வீடு போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கே நாலு மாசம் முன்னாடிதான் தெரியும்."

சலூன்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருஷமாக அவர் தம்பிமேல் பட்ட பொறாமை ஒரு முட்டிவலியின்மேல் பட்டது என்று அவருக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. வாசலில் இருந்தவரும், சாயத்தலையோடு எட்டிப் பார்த்த டீச்சரும், நானும் மூச்சு விடாமல் நின்றோம்.

"ஒண்ணு கேக்கவா பெரியவனே?" என்றது பை, தயங்கித் தயங்கி. "அந்த பாதி மீசைக்காரர் கதையை நீ மூணு தடவை சொல்லியிருக்கே. மூணு தடவையும் கரண்ட் போற இடத்துல போன் அணைஞ்சுபோச்சு. அந்த மனுஷன் அப்புறம் என்னதான் ஆனார்?"

சலூன்காரர் ஒரு கையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். மனைவியைப் பார்த்தார்.

"சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"ஐம்பது இருக்கும்."

"சார்ஜர்?"

அக்கா பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். சலூன்காரர் குனிந்து, யார் கேட்டாலும் கழற்றாத அந்த ட்ரிம்மர் பிளக்கைப் பிடுங்கினார். அந்த இடத்தில் சார்ஜரைச் செருகினார். போனைப் பையிலிருந்து எடுத்து, பவுடர் டப்பாவில் சாய்த்து, கண்ணாடியோரம் நிறுத்தினார். வாயில் ஊதி, மைக் துளையிலிருந்த முடியைத் தட்டிவிட்டார்.

"உங்க அண்ணன் சாயந்தரம் வர்றார்," என்றார் மனைவியிடம், கண்ணைப் பார்க்காமல். "நான்தான் வரச் சொன்னேன்."

"எதுக்கு?"

அவர் சீப்பைத் துடைத்தார். "முடி வெட்டத்தான்."

அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். நோட்டில் சிவப்பு மையில் இருந்ததெல்லாம் அந்தப் பார்வைக்கு எட்டிவிட்டது என்று நினைக்கிறேன். "அதைப் பத்தி ராத்திரி பேசலாம்," என்றார். "இன்னிக்கு மட்டும் நான் பேசறேன், நீங்க கேளுங்க."

சலூன்காரர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். நான் திரும்பி நடந்தபோது பாஸ் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, மெல்லக் கேட்டார்.

"பை இந்தப் பக்கம் தொங்கறதை எப்படிக் கவனிச்சே?"

"அங்கே மூணு ஆணி காலியா இருந்தது."

"மூளையா இருந்தா ஆணியை எண்ணியிருக்க மாட்டான்," என்றார்.

அதற்குமேல் ஒரு பாராட்டு அவரிடமிருந்து வராது. ஒற்றைப் புருவத்தோடு அதை வாங்கிக்கொண்டேன்.

சலூன்காரர் கத்தரியை எடுத்தார். பாஸின் தலையை வலது பக்கம் சாய்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பேச்சு என்னவோ பாஸிடம்தான். ஆனால் முகம் பவுடர் டப்பாவின் பக்கம் திரும்பியிருந்தது, குரலும் எப்போதையும்விட ஒரு படி கூடுதலாகவே இருந்தது.

"அந்த பாதி மீசைக்காரர் இருக்காரே சார், கரண்ட் போச்சா, கடை பூரா இருட்டு..."

போனில் சார்ஜ் ஐம்பத்தொன்று ஆனது.